போர்வெல்லில் பிரஷர் சென்சார் இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் இப்போது பண்ணைக்காரர்களும் உழவர் குழுக்களும் போர்வெல்லின் நீர்மட்டத்தைக் கைபேசியிலேயே பார்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் குழாய்க்குள் இறக்கும் அந்தச் சின்னக் கருவிக்கு நீர்மட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. தன் தலைக்கு மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு மீட்டர் தண்ணீருக்கு 9.81 கிலோபாஸ்கல், அவ்வளவுதான் அது சொல்லும். அதிலிருந்து "தரையிலிருந்து நாற்பது அடியில் தண்ணீர்" என்ற விடைக்கு வருவது, அளவைப் பதிவு செய்யும் பெட்டியான லாகரும் சாஃப்ட்வேரும் போடும் கணக்கு. தப்பு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முதல் தவறு கடையிலேயே ஆரம்பித்துவிடும். போர் இருநூறு அடி என்றால் இருநூறு அடிக்கும் மேல் தாங்கும் சென்சாராகக் கேட்டு வாங்குவார்கள். தேவையில்லை. சென்சார் தொங்கும் இடத்துக்கு மேல் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான் கணக்கு. துல்லியத்தை முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் எழுதியிருப்பார்கள். 0.25 சதவீதப் பிழை என்றால் 100 மீட்டர் சென்சாரில் அது 25 சென்டிமீட்டர். 20 மீட்டர் சென்சாரில் 5 சென்டிமீட்டர். மழைக்காலத்தில் ஏறும் மட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டு, சென்சாரை முடிந்தவரை சிறிய அளவிலேயே வாங்குங்கள்.

அடுத்தது காற்று. சென்சாரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கேபிளுக்குள்ளேயே மெல்லிய காற்றுக்குழாய் ஓடி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிடும். இன்னொன்று தண்ணீரையும் காற்றையும் சேர்த்தே அளக்கும். அதற்கு வெளியே தனியாக ஒரு காற்றழுத்தமானி வேண்டும். இந்த இரண்டாம் வகையை வாங்கிவிட்டு மானியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. நம் பக்கம் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் ஏறி, மாலை நாலு மணிவாக்கில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். திருத்தாத வரைபடத்தில் தினமும் ஒரே மாதிரி அலை தெரியும். பார்ப்பவர் பக்கத்து வயல் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார். புயல் வந்தால் இன்னும் வேடிக்கை. 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதுபோன்ற ஒரு நாளில் காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், கொட்டும் மழையிலும் கிணற்று நீர் 20 சென்டிமீட்டர் இறங்கிவிட்டதாக சாஃப்ட்வேர் சொல்லும்.

காற்றுக்குழாய் வகைக்கு வேறு தொல்லை. குழாயின் மேல்முனையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது சீக்கிரமே நிறம் மாறிவிடும். அதன்பின் ஈரம் குழாய்க்குள் இறங்கி அடைத்தால் அளவு மெல்ல மெல்ல நகரும், யாருக்கும் தெரியாது. மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அந்த முனையை டேப் சுற்றி அடைக்கவே கூடாது. "தண்ணி போயிடும் சார்" என்று எலக்ட்ரீஷியன் அடைத்துவிட்டுப் போவார், கவனம்.

இறக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் கயிற்றோடு சென்சார் கேபிளையும் சேர்த்துக் கட்டினால், மெக்கானிக் மோட்டாரைத் தூக்கும் அன்றைக்கே எல்லாம் போச்சு. ஒரு அங்குல பிவிசி குழாயை, போரின் வெளிக்குழாயான கேசிங்குக்குள் தனியாக இறக்கி, அடியில் துளைகள் போட்டு, அதற்குள் சென்சாரைத் தொங்கவிடுவதே நிம்மதி. டெல்டாவின் ஃபில்டர் பாயிண்ட் எனும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில் பம்ப் நேரடியாகக் குழாயின் தலையிலேயே மாட்டியிருக்கும். ஓடும்போது உள்ளே உறிஞ்சுதல் இருப்பதால் அங்கே எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. பக்கத்தில் தனியாக ஒரு கண்காணிப்புக் குழாய் போடத்தான் வேண்டும். இறக்கும்போது மெதுவாக விடுங்கள். தொப்பென்று தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு சேதமாகும். மணல் அடைத்திருக்கிறது என்று ஊசியால் குத்தவும் கூடாது, நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

மோட்டார் வயரும் சென்சார் வயரும் ஒரே பைப்பில் போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும்போதெல்லாம் வரைபடத்தில் ஊசி ஊசியாக ஏறும். தனி வழி, கவசம் உள்ள கேபிள், அதன் கவசத்துக்கு ஒரு முனையில் மட்டும் எர்த், இடி தாங்கி. இதில் பேரம் பேச வேண்டாம்.

இனி வருவது பலரும் கண்டுபிடிக்கத் திணறும் தவறு. இந்த சென்சார்கள் பலவும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை அனுப்பும். 10 மீட்டர் சென்சாரில் 4 என்றால் தண்ணீரே இல்லை, 20 என்றால் 10 மீட்டர். சாஃப்ட்வேரில் 0 முதல் 20 என்று அமைத்துவிட்டால் 9 மீட்டர் தண்ணீரை 9.2 என்று காட்டும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கோடையில் 2 மீட்டராக இறங்கும்போது அதே அமைப்பு 3.6 என்று காட்டும். தண்ணீர் குறையக் குறையப் பொய் பெரிதாகும். அளவு சரியாகத் தெரிய வேண்டிய நேரமும் அதுதான். அலகு மாறினாலும் இதே கதை: ஒரு பிஎஸ்ஐ சுமார் 0.7 மீட்டர் தண்ணீர், ஒரு பார் சுமார் 10.2 மீட்டர்.

இதைப் பிடிக்க சுலபமான வழி ஒன்று உண்டு. சென்சார் தண்ணீருக்குள் இருக்கும்போது கேபிளைச் சரியாக ஒரு மீட்டர் மேலே இழுங்கள். திரையில் ஒரு மீட்டர் குறைய வேண்டும். குறையாவிட்டால் அமைப்பில் எங்கோ தப்பு. அப்புறம் முழுக்க வெளியே எடுத்துப் பாருங்கள், பூஜ்யம் காட்டுகிறதா என்று.

தொடக்கப் புள்ளியையும் எழுதி வைக்க வேண்டும். கேசிங் சில இடத்தில் தரைக்கு மேல் இரண்டடி நிற்கும், சில இடத்தில் தரையோடு இருக்கும். ஒரு போரில் கேசிங் வாயிலிருந்தும் இன்னொன்றில் தரையிலிருந்தும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் இல்லாத பள்ளம் தெரியும். கேசிங் வாயில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து டேப்பால் நீர்மட்டத்தை அளந்து, அதே நிமிடத்துத் திரை அளவோடு சேர்த்துக் குறியுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் கேபிள் நழுவினாலும் தெரிந்துவிடும்.

சாஃப்ட்வேருக்கு வருவோம். மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. கோப்பில் 12-06 என்று இருப்பதை மாதம் முன்னால் என்று வாசிக்கும் சாஃப்ட்வேர், அதை டிசம்பர் 6 ஆக்கிவிடும். 13-06 வந்ததும் பதின்மூன்றாம் மாதம் இல்லையே என்று அந்த வரியைத் தள்ளும். குறுவைத் தண்ணீர் சம்பாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நேரத்தையும் பாருங்கள். லாகர் உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். காலையில் ஓடிய மோட்டார் பின்னிரவில் ஓடியதாகப் பதிவாகும். காற்றழுத்தமானியின் கடிகாரமும் இதோடு ஒத்திருக்க வேண்டும்.

சிக்னல் போன நேரத்துக்குச் சில லாகர்கள் 0 அல்லது -9999 என்று எழுதும். அதையும் சேர்த்து சராசரி எடுத்தால் கிணறு பாதாளத்துக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், திடீர் மாற்றம் எல்லாம் பிழை என்று வடிகட்டியை இறுக்கினால் மோட்டார் போட்டதும் இறங்கும் உண்மையான மட்டமும் மறைந்துவிடும். ஓடும்போது உள்ள மட்டம் வேறு, நின்று தேறிய மட்டம் வேறு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஓடும். ஆகவே நீண்ட காலப் போக்கைப் பார்க்க, மின்சாரம் வருவதற்கு முன் உள்ள அளவை மட்டும் தனியாக எடுங்கள். கால் மணிக்கு ஒரு பதிவு போதும். ஆற்றில் தண்ணீர் வந்த மாதங்களை மட்டும் வைத்து மட்டம் உயர்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம், ஓராண்டாவது ஓடட்டும்.

வேதாரண்யம், நாகை பக்கம் உப்பு ஏறிய போர்களில் இன்னொன்றும் உண்டு. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட சுமார் 2.5 சதவீதம் கனம். அந்த அளவு உப்பு இருந்தால் 10 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். சாஃப்ட்வேரில் அடர்த்தியை மாற்றும் இடம் இருக்கும், அதை 1.000 என்றே விட்டுவிடாதீர்கள்.