யூதரா, அரபியரா பூர்வகுடி? எழுத உட்காருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஸாவில் சண்டை மூளும்போதெல்லாம் எங்கள் பத்திரிகைக்குக் கட்டுரைகள் குவியும். எழுதுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தொடக்கத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக வந்து விழுகிறார்கள். ஆண்டு மாறிப்போவது, ஊர்ப்பெயர் சிதைவது எல்லாம் மெய்ப்புப் பார்க்கும்போது சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கல்வெட்டில் வேண்டிய வரியை மட்டும் படிப்பது

கி.மு. 1208 வாக்கில் எகிப்திய மன்னன் மெர்னெப்டா வெட்டிவைத்த கல்லில் 'இஸ்ரேல்' என்ற பெயர் இருக்கிறது என்று தொடங்குவார்கள். இருக்கிறதுதான். அதே பத்தியில் அந்த நிலத்தின் மற்றப் பெயர்களான கானானும் அஷ்கெலோனும் கெசேரும் இருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு கல். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கி.மு. 853-ல் கர்கார் என்ற இடத்தில் தன்னை எதிர்த்து வந்த கூட்டணியை அசீரிய மன்னன் மூன்றாம் ஷல்மனேசர் அதில் பட்டியல் போடுகிறான். இஸ்ரேலின் ஆகாப் 2,000 தேர்களோடும் 10,000 வீரர்களோடும் வருகிறான். அதே பட்டியலில் அரபியனான கிந்திபு 1,000 ஒட்டகங்களோடு வருகிறான். இருவரும் ஒரே அணி! உடனே இதை வைத்து 'அரபியரும் அன்றே அங்கிருந்தார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். கிந்திபு பாலைவனப் பக்கத்து ஆள். கூட்டணியில் இருந்தான் என்பதற்கு மேல் அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை.

மொழி மாறியதும் மக்களும் மாறிவிட்டார்கள் என்று நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு தம்பி கட்டுரை கொண்டுவந்தார். உழைத்து எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: "ரோமானியர் யூதர்களை வெளியேற்றினர், காலியான இடத்தில் 636-க்குப் பின் அரபியர் குடியேறினர்."

"636-ல் அங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"ஓடிப்போயிருப்பாங்க சார்."

"எந்த ஊருக்கு?"

பதில் இல்லை. 636-ல் யார்முக் போரில் அரபியரிடம் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) படை தோற்றபோது அந்த நிலத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கிரேக்கமும் அராமியமும் பேசிய கிறிஸ்தவர்கள். கலிலேயாவில் யூதர்கள் இருந்தார்கள், நாப்லுஸ் பக்கம் சமாரியர் இருந்தார்கள். வென்றவர்களுக்கு வரி கட்ட ஆள் வேண்டும். குடியானவனைத் துரத்திவிட்டு யாரிடம் வசூலிப்பது? சிலர் வந்தார்கள், சிலர் போனார்கள். பெரும்பகுதி மக்கள் இருந்த இடத்திலேயே இருந்து, தலைமுறை தலைமுறையாக அரபுக்கும் பிறகு இஸ்லாமுக்கும் மாறினார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. இதைச் சொன்னது பாலஸ்தீன ஆதரவாளர்கள் மட்டுமல்ல. இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியனும் பின்னாளில் அதன் ஜனாதிபதியான பென் ஸ்வியும் 1918-ல் யிட்டிஷ் மொழியில் சேர்ந்து எழுதிய நூலில், அங்குள்ள அரபு விவசாயிகளில் பெரும்பாலோர் பழைய யூதக் குடியானவர்களின் வழிவந்தவர்கள் என்றே வாதிட்டார்கள்.

ரோமானியர் யூதர்களை வெளியேற்றினர் என்ற அந்த வரியின் முதல் பாதியும் இப்படித்தான். கி.பி. 70-ல் எருசலேமிலிருந்த யூதக் கோயில் இடிந்தது. 135-ல் ரோமானியருக்கு எதிரான யூத எழுச்சி நசுக்கப்பட்டபின் யூதர்கள் எருசலேமுக்குள் வரத் தடை வந்தது. ஆனால் 200 வாக்கில் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது கலிலேயாவில். நாடே காலியாகியிருந்தால் அதைத் தொகுத்தது யார்?

அடுத்த மாதம் எதிர்முகாமிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஐரோப்பிய யூதர்கள் எல்லாம் மதம் மாறிய கஸார்கள் (காஸ்பியன் கடலுக்கு வடக்கே ஆண்ட ஒரு துருக்கிய இனத்தார்), அவர்களுக்கும் அந்த மண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றது. முந்தைய கட்டுரையில் பெயர்களை மட்டும் மாற்றியதுபோல இருந்தது. கஸார் ஆளும் குடும்பம் யூத மதத்தைத் தழுவியது உண்டு. அதிலிருந்து ஓர் இனத்தையே உருவாக்க மரபணு ஆய்வுகள் இடம் தரவில்லை. பாக்தாத்திலிருந்தும் ஏமனிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த லட்சக்கணக்கான யூதர்களை இந்த வாதம் தொடக்கூட இல்லை. 2020-ல் வெண்கலக் கால எலும்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, இன்றைய யூதக் குழுக்கள் பலவற்றுக்கும் அப்பகுதியில் அரபு பேசும் மக்களுக்கும் மூதாதையரில் கணிசமான பங்கு அந்தப் பழைய மக்களிடமிருந்து வந்ததாகச் சொல்கிறது.

இப்படிப்பட்ட வரி ஒன்று அச்சில் போய்விட்டால் மிச்சக் கட்டுரையும் அதோடு போச்சு. விஷயம் தெரிந்த வாசகர் அதைப் பிடித்துக்கொண்டபின், 1948 பற்றி நீங்கள் கஷ்டப்பட்டுத் திரட்டியதை நம்பமாட்டார். தம்பியின் கட்டுரையில் பஞ்சாயத்தே வேண்டாத நல்ல பக்கங்கள் இருந்தன. ஒரு வாசகர் வட்டத்தில் அதை அப்படியே படித்தார். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் நான் கேட்டதையே கேட்டார். அன்றைக்குக் கூட்டம் அங்கேயே நின்றது.

'ஆளில்லாத நிலம்' என்று எழுதுவது

யூதர்கள் குடியேறுமுன் பாலஸ்தீனம் காலியாகக் கிடந்தது என்பார்கள். 1891-ல் நேரில் போய்ப் பார்த்த யூத எழுத்தாளர் அஹத் ஹாஅம், உழப்படாத வயலைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம் என்று எழுதிவிட்டார். 1922 பிரிட்டிஷ் கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 7.57 லட்சம் பேர். யூதர்கள் சுமார் 84,000. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அரபு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்.

இதன் மறுபக்கம், யூதர்களுக்கு அங்கே ஒரு தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்துக்கு முன் அங்கே யூதர்களே இல்லை என்பது. சஃபேத், தைபீரியாஸ், ஹெப்ரான், எருசலேம் நான்கையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஐ.நா. வரையறையைக் காட்டுவது

பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் 2007 பிரகடனத்தில், பூர்வகுடி யார் என்ற வரையறையே கிடையாது.

ஈழத்தைக் கொண்டுபோய் ஒட்டுவது

வேண்டாம். தனிக் கட்டுரையாக எழுதுங்கள்.

எதிர்த்தரப்பை முட்டாளாக்குவது

எருசலேம் மேயராக இருந்த யூசுப் ஸியா அல்-காலிதி 1899-ல் ஒரு கடிதம் எழுதினார். அது பிரான்சின் தலைமை ரபி (யூத மதகுரு) வழியாக சியோனிசத் தலைவர் ஹெர்ஸ்லுக்குப் போய்ச் சேர்ந்தது. வரலாற்றின்படி அது உங்கள் நாடுதான், யார் மறுக்க முடியும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் இப்போது அங்கே வேறு மக்கள் வாழ்கிறார்கள், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்கிறார். யூதர் வருகையால் உள்ளூர்க்காரர்களின் செல்வம் பெருகும் என்று ஹெர்ஸ்ல் பதில் எழுதினார். காலிதி கேட்டது அதுவல்ல.

1923-ல் சியோனிசத்தின் கடும்போக்காளர் ஜபோட்டின்ஸ்கி, 'இரும்புச் சுவர்' என்ற கட்டுரையில் அரபியரை அந்த மண்ணின் மக்கள் என்றே எழுதினார். எந்த மண்ணின் மக்களும் குடியேறுபவர்களை விரும்பி ஏற்கமாட்டார்கள், ஆகவே பலத்தால்தான் முடியும் என்பது அவர் வாதம். எதிராளிக்கு வேர் உண்டு என்று காலிதி, ஜபோட்டின்ஸ்கி இருவருமே ஒப்புக்கொண்டார்கள். சண்டை, இனி யார் ஆள்வது என்பதில்தான் இருந்தது.

கட்டுரை அனுப்புமுன் காலிதியின் கடிதம், ஜபோட்டின்ஸ்கியின் கட்டுரை ஆகிய இந்த இரண்டு ஆவணங்களையும் முழுதாகப் படித்துவிடுங்கள். இரண்டும் சில பக்கங்கள்தான்.