லேப்டாப் சார்ஜரில் லூஸ் காண்டாக்ட்: கோளாறு ஒயரிலா, ஜாக்கிலா?

ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றதும் பலர் புது சார்ஜர் வாங்கிவிடுகிறார்கள். கோளாறு லேப்டாப்பில் பிளக் செருகும் துளையான ஜாக்கில் இருந்தால் அந்தப் பணம் வீண். எந்த இடம் என்று உறுதிசெய்த பிறகு வாங்குங்கள்.

அதுவரை ஒயருக்கு முட்டுக்கொடுத்து ஓட்டவும் வேண்டாம். 19.5 வோல்ட், 65 வாட் சார்ஜர் முழுத்திறனில் சுமார் 3.3 ஆம்பியர் தரும். தொடுமுனை சரியாகப் படியாமல் அரை ஓம் மின்தடை உண்டானாலே அந்தச் சிறு இடத்தில் 5 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், ஜாக்குக்குள் பிளக்கை இறுக்கிப் பிடிக்கும் தகடு தளரும், பிடிப்பு மேலும் குறையும். கருகிய வாடை வந்தாலோ பிளக் முனை பழுப்பேறியிருந்தாலோ அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நான்கு: சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சார ஒயர் அடாப்டர் பெட்டியில் செருகும் இடம், அடாப்டரிலிருந்து ஒயர் வெளிவரும் கழுத்து, அதே ஒயர் பிளக்கைச் சேரும் கழுத்து, லேப்டாப் ஜாக். சார்ஜ் விளக்கைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக அசையுங்கள். ஒன்றை ஆட்டும்போது மற்றவை ஆடக் கூடாது. முதல் இடம் என்றால் அழுத்திச் செருகினாலே பெரும்பாலும் தீரும். பிளக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒயரை மட்டும் ஆட்டும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஒயரைத் தளர விட்டு பிளக்கை மட்டும் மெல்ல அசைக்கும்போது மினுக்கினால் ஜாக்கைச் சந்தேகியுங்கள். அடாப்டரிலேயே விளக்கு இருந்து, அடாப்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் ஒயரை ஆட்டும்போது அதுவும் அணைந்தால், ஒயருக்குள் இரு கம்பிகளும் தொட்டுக்கொள்கின்றன என்று பொருள். அந்தச் சார்ஜரை மறுபடி செருகாதீர்கள்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். டி.சி. 200 வோல்ட் அளவில் வையுங்கள். 20 வோல்ட் அளவில் வைத்தால் சில சார்ஜர்களுக்கு அளவு எல்லை தாண்டிவிடும். உருளை வடிவ பிளக்கில் பெரும்பாலும் உள்சுவர் பாசிட்டிவ், வெளிச்சுவர் நெகட்டிவ். அடாப்டர் மேல் உள்ள குறியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒயரை ஆட்டும்போதும் அளவு நிலையாக நின்றால் சார்ஜர் பெரும்பாலும் நல்லது. டெல், எச்.பி. சார்ஜர்கள் பலவற்றில் பிளக்கின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரத்துக்கானது அல்ல, சார்ஜர் எது என்று லேப்டாப்புக்குச் சொல்வது. மீட்டர் முனையால் அதையும் உள்சுவரையும் சேர்த்துத் தொட்டுவிடாதீர்கள். அந்த ஊசியின் இணைப்பு விட்டுப்போனால் லேப்டாப் மின்சாரத்தில் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, வேகமும் குறையலாம். இதைப் பேட்டரிக் கோளாறு என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குவோர் உண்டு.

யூ.எஸ்.பி. சி வகை சார்ஜரில் இந்தச் சோதனை உதவாது. லேப்டாப் கேட்ட பிறகே அது மின்சாரம் தரும். வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள், பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் உள்ளே தொடுமுனை ஒன்று பழுது. பிளக் முழுதாக உள்ளே போகாமல் நின்றால் துளையில் பஞ்சுத் தூசி அடைத்திருக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் கூடாது.

சரிசெய்யும்போது, ஒயர் அறுந்த சார்ஜரை மாற்றிவிடுவதே நல்லது. அடாப்டர் பெட்டியை உடைத்துத் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். புதியதில் வோல்ட் பழையதற்குச் சமமாகவும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். முனை அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 5.5 × 2.1 மி.மீ., 5.5 × 2.5 மி.மீ. (வெளி விட்டம் × உள்துளை) இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். நடுவே 2.1 மி.மீ. ஊசி உள்ள ஜாக்கில் 2.5 மி.மீ. துளைப் பிளக்கைப் போட்டால் புதுச் சார்ஜரும் லூஸாகவே ஆடும்.

ஜாக் பழுதென்றால் முதலில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து, வேறு எதையும் தொடுமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஜாக்கிலிருந்து சிறு ஒயர் புறப்பட்டு மதர்போர்டில் செருகியிருந்தால் அதிர்ஷ்டம்: ஒயரில் அச்சிட்ட பார்ட் எண்ணைக் கொடுத்து அதே பாகத்தை வாங்கி, திருகைக் கழற்றி மாற்றிவிடலாம். ஜாக் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தால் பழகிய கைக்கு விடுங்கள். போர்டின் உள்ளே இருக்கும் செப்பு அடுக்கு சூட்டை உறிஞ்சிவிடும். ஈயம் முழுதாக உருகாமல் ஜாக்கை இழுத்தால் அதைத் தாங்கும் செப்புத் தடமும் பிய்ந்து வரும்.

புது ஜாக்கின் ஒயரைப் பழைய ஒயர் போன வழியிலேயே படியவைத்து, கீல் திறந்து மூடும்போது நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே மூடியைத் திருகுங்கள்.