சிகிச்சையில் கவனக்குறைவு: நோயாளி தரப்பு இழப்பீடு கோரும் முறை

சிகிச்சை பலனளிக்காமல் போவதும் சிகிச்சையில் கவனக்குறைவு நேர்வதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை. திறமையான மருத்துவரின் பராமரிப்பிலும் நோயாளி இறக்கக்கூடும். அதனால் மட்டுமே அவர் பொறுப்பாளி ஆகிவிடமாட்டார். அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யாமல் விட்டாரா, அல்லது செய்யக்கூடாததைச் செய்தாரா, பாதிப்பு அதனால்தான் ஏற்பட்டதா என்பதையே இந்திய நீதிமன்றங்கள் பார்க்கின்றன. இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு போலம் வழக்கில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலை, 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் நமது உச்ச நீதிமன்றம் ஏற்று உறுதிசெய்தது. எனவே வழக்கைப் பற்றி யோசிப்பவர், எந்த நாளில், யார், எதைச் செய்யத் தவறினார் என்பதை ஒரு பத்திக்குள் எழுத முடிகிறதா என்று முதலில் தமக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996ஆம் ஆண்டு 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் வழக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பிறக்கும்போது அதன் எடை 1,250 கிராம். இத்தகைய குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் அபாயம் உண்டு என்பதும், உரிய காலத்தில் கண் பரிசோதனை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்பதும் மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஆனால் பரிசோதனை செய்யப்படவில்லை. அது தேவை என்று பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. தவறான மருந்தோ பிழையான அறுவை சிகிச்சையோ இல்லாமல், செய்யவேண்டியதைச் செய்யாததும் சொல்லவேண்டியதைச் சொல்லாததுமே இங்கு பொறுப்பை உண்டாக்கின.

ஒப்புதல் பற்றிய வழக்குகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. நோயறியும் சோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியது செல்லாது என்று 2008ஆம் ஆண்டின் சமீரா கோலி தீர்ப்பு கூறியது. உயிருக்கு ஆபத்தான அவசரநிலை இல்லாதபோது, சுயநினைவு திரும்பும்வரை காத்திருந்து நோயாளியிடமே கேட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வழக்கின் உயிர்நாடி ஆவணங்களே. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், செவிலியர் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரங்களின் பதிவு, மயக்க மருந்துப் பதிவேடு, ஒப்புதல் படிவங்கள், ஸ்கேன் படங்கள், ரசீதுகள் என அனைத்தின் நகலையும் எழுத்துமூலம் கேட்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கடிதத்தைப் பதிவுத் தபாலிலோ, நகலில் முத்திரையிட்டு ஒப்புகை பெற்றோ கொடுங்கள். மருத்துவமனை தர மறுத்தால் அந்த மறுப்பே உங்கள் தரப்புக்கு ஒரு சான்றாகும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே, நினைவு மங்குவதற்கு முன், நடந்தவற்றை நாள்வாரியாக எழுதிவைப்பதும் பெரிதும் உதவும்.

மரணம் நேர்ந்து அதன் காரணத்தில் ஐயம் இருந்தால், காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பிரேதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். துக்கத்தின் நடுவே இதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது புரியாமல் இல்லை. ஆனால் உடல் எரியூட்டப்பட்ட பிறகு இந்தச் சான்றை எவராலும் மீட்டுத்தர முடியாது. மருத்துவமனையில் தகராறு செய்வதை அறவே தவிர்க்க வேண்டும். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கெனத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. அதன்கீழான குற்றம் ஜாமீனில் விடக்கூடியதும் அன்று.

பெரும்பாலானோருக்கு உகந்த இடம் நுகர்வோர் ஆணையமே. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அதில் வராது. ஆனால் சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. முற்றிலும் இலவசமான மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு உரிமையியல் நீதிமன்றமும், தகுந்த நேர்வுகளில் உயர் நீதிமன்ற நீதிப்பேராணை (ரிட்) மனுவும் உண்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த ஆணையத்தை அணுகுவது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அன்று, சிகிச்சைக்காகச் செலுத்திய தொகையே. அது 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். மூன்று லட்சம் செலுத்தி எழுபது லட்சம் இழப்பீடு கோருபவரும் மாவட்ட ஆணையத்துக்கே செல்ல வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வேறு ஊரில் சிகிச்சை பெற்றிருந்தாலும், வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் அனுமதி உண்டு. எனினும் மருத்துவ வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞரை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

மனு செய்வதற்கான காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்தானது. மருத்துவமனையுடன் நடத்தும் பேச்சுவார்த்தைக்காகக் காலவரம்பு நின்றுவிடாது. எதிர்தரப்பில் மருத்துவமனையைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். சிகிச்சை அளித்த ஒவ்வொரு மருத்துவரையும் சேர்க்காததால் மட்டும் மனு தள்ளுபடியாகாது என்று 2004ஆம் ஆண்டின் சவிதா கார்க் தீர்ப்பு தெளிவுபடுத்தியுள்ளது.

நிபுணர் கருத்து எல்லா வழக்குகளுக்கும் கட்டாயமன்று என்பதை 2010ஆம் ஆண்டின் கிஷண் ராவ் தீர்ப்பு கூறுகிறது. வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டால் நிகழ்வே தன்னை விளக்கும். மற்றபடி நோயறிதல் தாமதம், மருந்தளவு, அறுவை முறை போன்ற நுட்பமான பிரச்சினைகளில், அதே துறை நிபுணர் ஒருவர் பதிவுகளைப் படித்து எழுதிய கருத்து இல்லாத மனு பெரும்பாலும் வலுவிழந்தே நிற்கும்.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்குடன் கேளுங்கள்: செலவான மருத்துவத் தொகை, வருங்காலச் சிகிச்சை, இழந்த வருமானம், பராமரிப்புச் செலவு, மன வேதனை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. எழும்பூர் வழக்கிலும் வருங்கால மருத்துவச் செலவே தீர்ப்புத் தொகையின் பெரும்பகுதி. மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பில் நிறைவில்லையென்றால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

காவல்துறைப் புகார் வேறு வழி. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஆயினும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, பெரும் கவனக்குறைவு மட்டுமே குற்றமாகும், நடவடிக்கைக்கு முன் காவல்துறை சுதந்திரமான மருத்துவக் கருத்தைப் பெறவேண்டும், வழக்கமான நடைமுறையாகக் கைது செய்யவும் கூடாது. மருத்துவரின் தொழில் ஒழுக்கம் பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். அது பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க வல்லது, ஆனால் இழப்பீடு வழங்காது. இரண்டையும் நுகர்வோர் வழக்கோடு சேர்த்தே நடத்தலாம், ஒன்றின் முடிவுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.