வயர் வாங்கப் போகுமுன்: பழைய காருக்குப் புது ஹார்னஸ் கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் இருந்த அந்த ஐந்து வருடத்தில் கொழும்பில் எத்தனையோ பழைய கார்கள் தார்ப்பாயைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தன. என் மொரிஸ் மைனரும் அப்படி வந்ததுதான். 1961ஆம் ஆண்டு வண்டி, 948 சீசீ எஞ்சின். பொடி வேலைக்குத் திட்டம் போட்டேன், பெயின்ட்டுக்குப் போட்டேன். வயரிங்குக்கு மட்டும் போடவில்லை. ஒரு சனிக்கிழமை, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று சுருள் வயரோடு திரும்பி வந்து அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த ஹார்னஸை, அதாவது காரின் மொத்த வயர்க் கட்டை, வேரோடு பிடுங்கிப் போட வேண்டியிருந்தது.

தவறு அந்தச் சனிக்கிழமையே நடந்துவிட்டது. ஹார்னஸ் வயரில் தொடங்குவதில்லை, ஒரு அப்பியாசக் கொப்பியில் தொடங்குகிறது. காரில் மின்சாரம் குடிக்கும் ஒவ்வொரு சாமானையும் எழுதுங்கள். பக்கத்தில் அதன் வாட். அதை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். சாவி இல்லாமலே ஓடுமா, சாவி போட்டால் ஓடுமா, சுவிட்ச் போட்டால் மட்டுமா என்பது அடுத்த நிரல். காரில் எந்த மூலையில் இருக்கிறது என்பது கடைசி நிரல்.

பிறகு ஆக மோசமான ஒரு இரவைக் கற்பனை செய்யுங்கள். ஒக்டோபர் மழை, காலி வீதி, பம்பலப்பிட்டியில் வாகனம் நகரவில்லை. ஹெட்லைட் 55 வாட் இரண்டு, 9 ஆம்பியர். பார்க்கிங் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் 2. வைப்பர் 4. புதிதாகப் பூட்டிய எலக்ட்ரிக் ஃபேன் 10. இக்னிஷன் 4. ரேடியோவும் ஃபோன் சார்ஜரும் 4. ஆக 33. பிரேக்கை மிதித்தால் இன்னும் மூன்றரை. மைனரோடு வந்த டைனமோ நல்ல ஓட்டத்தில் தருவதே 20 ஆம்பியரை ஒட்டித்தான். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் அதனால் பற்றரிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அப்படியென்றால் ஐட்லிங்கிலும் கரண்ட் தரும் அல்டர்னேட்டர் வேண்டும் என்பது வயர் வாங்குமுன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்கு அது ஹார்னஸைக் கட்டி டேப் சுற்றிய பிறகு தெரிந்தது. அல்டர்னேட்டர் வந்ததும் மெயின் வயர் போதாமல் போயிற்று. மெயின் வயரை மாற்றப் பாதி ஹார்னஸைப் பிரிக்க வேண்டி வந்தது.

பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதே பக்கத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. பொசிட்டிவ் ஏர்த்தா, நெகட்டிவ் ஏர்த்தா? மைனரில் பற்றரியின் பிளஸ்தான் பொடியோடு பூட்டியிருக்கும். இன்றைய அல்டர்னேட்டர், ரேடியோ, எல்இடி, சார்ஜர் எல்லாம் மைனஸ் பொடியில் இருக்கும் என்று நம்பிச் செய்தவை. அல்டர்னேட்டருக்குப் பற்றரியைத் தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டையோடுகள் ஒரு நொடியில் போய்விடும். மாற்றுவதாக இருந்தால் முதல் கோடு வரையுமுன்பே மாற்ற முடிவெடுங்கள்.

தாங்கும் கணக்கும் இழக்கும் கணக்கும்

"இந்த வயர் தாங்கும்" என்று கடையில் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அது சூட்டுக் கணக்கு. வயர் உருகாது, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு வேண்டியது வோல்ட் இழப்புக் கணக்கு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.017 ஓம் தடை கொடுக்கும். மைனரில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து காலால் அழுத்தும் டிப் சுவிட்சுக்கு இறங்கி, மறுபடி முன்னுக்கு ஓடுகிறது. ஐந்து மீட்டர் என்று வையுங்கள். 60 வாட் பல்ப் இரண்டுக்குமாக 10 ஆம்பியர் போனால் வயரில் மட்டும் 0.85 வோல்ட் கரைந்துவிடும். பழைய சுவிட்ச், துருப்பிடித்த இணைப்பு, பொடி வழியாகத் திரும்பி வரும் பாதை எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை வோல்ட் போவது சாதாரணம். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். பல்பை மாற்றி, ரிஃப்ளெக்டரை மாற்றி, கடைசியில் கண்ணாடியையும் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழை வயரில் இருந்தது.

இதற்கு மருந்து ரிலே, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பற்றரியிலிருந்து 2 சதுர மில்லிமீட்டர் வயர் நேராக ரிலேயின் 30 என்ற இலக்கமுள்ள காலுக்கு, 87இலிருந்து லைட்டுக்கு. 85க்கும் 86க்கும் டேஷ்போர்டிலிருந்து மெல்லிய வயர் போதும், ரிலே கொயிலுக்கு 0.15 ஆம்பியர் அளவுதான் வேண்டும். ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. ஐந்து கால் ரிலேக்களில் நடுக்கால் சிலதில் 87ஏ, சிலதில் இன்னொரு 87. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். 87ஏ என்றால் லைட் அணைந்திருக்கும்போதும் அந்தக் காலில் கரண்ட் இருக்கும், எதிலாவது பட்டால் பொறி பறக்கும். ரிலேயின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

அடுத்தது, என்ன வயர்? வீட்டு வயரிங்குக்கு வரும் வயரைக் காருக்குப் போடுவது இங்கே நிறைய நடக்கிறது. மலிவு, எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். அதில் ஏழு தடித்த இழைதான் இருக்கும், சிலதில் ஒன்றே ஒன்று. சுவருக்குள் அசையாமல் கிடக்கப் பிறந்த வயர் அது. கார் அதிர்வில் முனையில் முறியும், அதன் தோலும் பொதுவாக 70 பாகை வரைக்கும்தான். கார் வயரில் 2 சதுர மில்லிமீட்டருக்குள் 0.30 மில்லிமீட்டர் இழை 28 இருக்கும், அதைத்தான் 28/0.30 என்று எழுதுவார்கள். சும்மா "மில்லிமீட்டர்" என்று கேட்காதீர்கள். ஒருவர் செம்பின் பரப்பைச் சொல்வார், இன்னொருவர் தோலோடு சேர்த்த தடிப்பைச் சொல்வார். அமெரிக்க கேஜ் என்றால் 14 ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர், 18 ஏறத்தாழ 0.8. வாங்குமுன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல வயர், தைரியமாக வாங்கலாம்.

பியூஸ் யாருக்குக் காவல்?

ரேடியோவைக் காப்பாற்ற பியூஸ் என்று நினைக்கிறவர்கள் அதை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பியூஸ் காவல் நிற்பது வயருக்கு. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றரிக்கும் பியூஸுக்கும் நடுவிலுள்ள வயர் எங்கேயாவது பொடியில் உரசினால் எரிந்தே தீரும். ஸ்டார்ட்டர் கேபிள் மட்டும் விதிவிலக்கு. அதை பியூஸ் இல்லாமல் விடுவதால்தான் அது போகும் வழியை ஆகக் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டும்.

மைனரில் பியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கு பியூஸே இல்லை! இரண்டும், பழைய பிரித்தானியக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனியின் 35 ஆம்பியர் கண்ணாடி பியூஸ். இதைப் பார்த்துவிட்டு, கடையில் 35 என்று கேட்டுக் கிடைத்ததைப் போடுவது ஆபத்து. லூக்காஸின் 35 என்பது உடனே எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர் சொச்சம். இன்றைய பியூஸில் எழுதியிருப்பது அது தொடர்ந்து தாங்கும் அளவு. இரண்டும் ஒன்று என்று எண்ணினால் பியூஸுக்கு முன் வயர் போய்விடும். புதிய ஹார்னஸுக்கு பிளேட் பியூஸ் பெட்டியே போடுங்கள், இடது ஹெட்லைட்டுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒன்று போனாலும் வீடு வந்து சேரலாம்.

ஏர்த்தைப் பற்றி யாரும் திட்டம் போடுவதில்லை. "பொடியில் எங்கேயாவது பூட்டு" என்பதோடு சரி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பொடிக்கும் அதற்கும் உலோகத் தொடர்பு அந்தப் பின்னல் பட்டி ஒன்றுதான். பெயின்ட் அடிக்கக் கழற்றியவர் அதைத் திருப்பிப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். டேஷ்போர்டிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் கிடைக்கும். சோக் கேபிள் புகைகிறது என்று கார்பரேட்டரைக் கழற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஏர்த் இடங்களையும் கொப்பியில் எழுதுங்கள்: எஞ்சினுக்கு ஒன்று, முன் லைட்டுகளுக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி, பூட்டிய பிறகு மேலே கிரீஸ். வெள்ளவத்தையில் கடலோரமாகக் கார் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீளத்தை டேப் அளவால் நேர்கோட்டில் அளக்காதீர்கள். சணல் கயிற்றை எடுத்துக் காருக்குள்ளேயே ஓடவிடுங்கள், வளைவு வளைவாக, கிளை பிரியும் இடத்தில் முடிச்சுப் போட்டு. அதை அப்படியே எடுத்து ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து விரித்தால் அதுவே ஹார்னஸின் வரைபடம். ஸ்டீயரிங் கம்பத்துக்கு அருகில் என் முதல் ஹார்னஸ் நாலு விரல் குட்டை. இழுத்துப் பூட்டியதால் பிறகு கனெக்டர் தானாகக் கழன்று கழன்று வந்தது. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வோல் தகட்டின் ஓட்டைக்கு, விளிம்பு வயரை வெட்டாமல் காக்கும் ரப்பர் குரோமெட் வளையம் இல்லாமல் ஒரு வயரும் போகக்கூடாது.

முனைகளுக்கு ஈயம் பற்ற வைப்பதா, டேர்மினலை வயரோடு அழுத்திக் கிரிம்ப் செய்வதா என்ற சண்டை கராஜுக்குக் கராஜ் உண்டு. எங்கள் வயரிங் பாஸ் ஈயக் கட்சி. நான் கிரிம்ப் கட்சி: ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பியாக்கிவிடும், அது முடியும் இடத்தில்தான் அதிர்வில் முறியும். ஆனால் பிளையரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. டேர்மினலுக்கு ஏற்ற கிரிம்பிங் டூல் வாங்குங்கள்.

நிறம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. லூக்காஸ் ஒழுங்கு அருமையானது. பழுப்பு எப்போதும் கரண்ட், வெள்ளை இக்னிஷன், பச்சை பியூஸ் தாண்டிய இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கறுப்பு ஏர்த். கடையில் நாலு நிறம்தான் கிடைத்தால் கவலையில்லை, இரண்டு முனையிலும் இலக்கம் ஒட்டுங்கள், அதே இலக்கம் கொப்பியிலும் இருக்கட்டும்.

கார்பரேட்டருக்குப் பதில் கணினி பெற்றோல் தெளிக்கும் ஈஎஃப்ஐ எஞ்சின் இறக்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிராங்க் சென்சார் வயரை இக்னிஷன் கொயில் வயரோடு ஒரே கட்டில் போடாதீர்கள், அதன் ஷீல்டை, அதாவது வயரைச் சுற்றியுள்ள உலோக உறையை, ஒரு முனையில் மட்டும் ஏர்த் செய்யுங்கள். சென்சார் ஏர்த் எல்லாம் எஞ்சின் கணினியான ஈசியூவுக்கே திரும்பிப் போகட்டும், பொடிக்கு வேண்டாம்.

எல்லாம் பூட்டிய பிறகு பற்றரியை நேரே கொடுத்துவிடாதீர்கள். பற்றரிக்கும் ஹார்னஸுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் பல்பைத் தொடராகப் போட்டு, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கொடுங்கள். உள்ளே எங்கே ஷோர்ட் இருந்தாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, பல்ப் மட்டும் எரியும். என் இரண்டாவது ஹார்னஸுக்கு அது பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிக்கொண்டே போனேன், ஐந்தாவதில் அணைந்தது. டேஷ்போர்டுத் தகட்டைப் பூட்டிய ஒரு ஸ்குரூ, தேவைக்கு அரை அங்குலம் நீளம், ஒரு வயரின் நடுவில் ஏறியிருந்தது.