ஏற்காட்டை நடந்து பார்ப்பது எப்படி?

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் பிரியாணி கட்டிக்கொண்டு போய், ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. நானும் பல வருஷம் அப்படித்தான். ஒருமுறை வண்டி பழுதாகி நடக்க நேர்ந்தபோதுதான் மலையே கண்ணில் பட்டது. முதல்முறை நடப்பவர்களுக்கு ஏற்காடு ஊருக்குள் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் தொடங்கி உச்சியிலுள்ள சேர்வராயன் கோயில் வரை போவது நல்ல வழி. போக ஐந்தாறு கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை.

முதல் வேலை: நாள் பார்ப்பது. சனி, ஞாயிறு வேண்டாம். அன்றைக்குப் பறவைச் சத்தத்தைவிட ஹாரன் சத்தம்தான் அதிகம்.

இரண்டாவது: புது பஸ் ஸ்டாண்டில் விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள். வளைவில் குமட்டும் ஆள் என்றால் முன் சீட்டில் உட்கார்ந்து, இட்லியை மேலே போய்ச் சாப்பிடலாம். கொண்டை ஊசி வளைவு 20. எண்ணிக்கொண்டே காட்டைக் கவனியுங்கள். அடிவாரத்தில் முள்ளுப் புதர், நடுவில் மூங்கில், மேலே சில்வர் ஓக் நிழலில் காபி. உயரம் சுமார் 1,500 மீட்டர் என்பதால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஒரு ஸ்வெட்டர் போதும். ஷூ கட்டாயம், செருப்பு வழுக்கும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நடை. அவசரப்படாதீர்கள். சாலையோரம் வெட்டிய பாறையில் புதிதாக உடைந்த இடமாகப் பாருங்கள், நீலச் சாம்பலில் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். கறுப்பாக இருப்பதால் எரிமலைப் பாறை என்று பலர் சொல்வார்கள். இல்லை. இது சார்னோக்கைட். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனதால் இன்று நம் காலடியில் கிடக்கிறது.

சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காபி, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்தது. கோடையில் பூமழை, அதாவது காபியைப் பூக்க வைக்கும் மழை, விழுந்து சில நாளில் போனால் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைக் கடைக்குள் நுழைந்தமாதிரி மணக்கும். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். கொண்டையைத் தூக்கிக்கொண்டு வேலியில் உட்கார்ந்திருக்கும் சிறு பறவை சின்னான். கன்னத்தில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் செம்மீசைச் சின்னான்.

நான்காவது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: காட்டெருமை. காலையிலும் சாயங்காலமும் எஸ்டேட்டிலிருந்து ரோட்டுக்கு வரும். ஆண் ஒரு டன் வரை எடை இருக்கும். கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டமாதிரி நிறம். ஒருநாள் மூடுபனியில் நான் பாறை என்று நினைத்தது காதை ஆட்டியது. இருபதடிதான் இருக்கும். ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்னால் நகர்ந்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காபிச் செடிக்குள் போய்விட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிளாஷ் அடிக்காதீர்கள், விசில் அடிக்காதீர்கள். கூட்டமாக நிற்பதைவிட ஒற்றையாக நிற்கும் காளையிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை தேவை. குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். பிறகு உங்கள் பையையே கேட்கும்.

கடைசியாக, உச்சி. சுமார் 1,620 மீட்டர். ஏறினால் கூர்முனை இருக்காது, மேசைபோல விரிந்த சமவெளிதான். மண் செக்கச்செவேல். அடியிலிருக்கும் பாறையைக் காலகாலமாக மழை கரைத்ததில் எஞ்சிய பாக்சைட் அது, அலுமினியத் தாது. கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே. மலைவாழ் மக்களின் தெய்வம், மே மாதத் திருவிழாவில் கால் வைக்க இடமிருக்காது. செருப்பைக் கழற்றுமிடத்தில் காற்று ஆளைத் தள்ளும், ஸ்வெட்டரைக் கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மதியம் இரண்டுக்குள் இறங்கத் தொடங்குங்கள். மேகம் ஏறிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கிளியூர் அருவியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மழைக்காலம் என்றால் இன்னொரு நாள் அதற்கென்றே போங்கள், படிகள் செங்குத்து. கோடை என்றால் வேண்டாம், வெறும் பாறைதான். ஒண்டிக்கடையில் காபித்தூள் வாங்குவதானால் சிக்கரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.