தகுதிகாண் பருவத்தில் இருக்கும் இளநிலை உதவியாளருக்கு

தொகுதி 4 தேர்வு எழுதித் தமிழக அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்பவர், தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியில் இருந்து, பணிக்குத் தகுதியானவரா என்று பார்க்கும் தகுதிகாண் பருவத்தை முடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எடுக்கும் பெயர் பணி ஓய்வு வரை கூடவே வரும். கண்காணிப்பாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பெயர் பெரும்பாலும் உங்களுக்கு வரும் கடிதங்களையும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கைகளையும் நீங்கள் எழுதிவைக்கும் தன்பதிவேட்டைப் பிரிவில் வேறொருவர் திறந்து பார்க்கும் நேரத்தில்தான் முடிவாகிறது.

தபாலில் வந்து உங்கள் பெயருக்குக் குறிக்கப்பட்ட கடிதத்தை அன்றைக்கே ந.க. (நடப்புக் கணக்கு) எண்ணுடன் தன்பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அனுப்பியவர், பொருள், நாள் ஆகியவற்றோடு கடமை முடிந்ததாக எண்ணாமல், அடுத்தடுத்து எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையையும் அதே வரிசையில் தேதியிட்டு எழுதுங்கள். "நடவடிக்கையில் உள்ளது" என்ற சொற்றொடரால் எவருக்கும் பயனில்லை. "வட்டாட்சியரிடம் அறிக்கை கேட்டு 12ஆம் தேதி கடிதம் அனுப்பப்பட்டது" என்று எழுதினால், நீங்கள் இல்லாத நாளிலும் கோப்பு பேசும். ஒருமுறை, சேர்ந்து 5 மாதமே ஆன ஒரு பெண் ஊழியர் விடுப்பில் இருந்தபோது, கணவரை இழந்த ஒரு அம்மா குடும்ப ஓய்வூதியம் என்னவாயிற்று என்று கேட்டு வந்தார். பதிவேட்டைத் திறந்தேன். வாரிசுச் சான்றிதழின் நகல் மட்டும் வரவேண்டியிருக்கிறது என்று கடைசி வரியில் தெளிவான கையெழுத்தில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் பெற்று அந்த அம்மா கிளம்பினார். அந்த ஊழியரைப் பற்றி அதற்குமேல் எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மின் அலுவலக முறைக்கு மாறிய இடங்களிலும் இதே ஒழுங்குதான் தேவைப்படுகிறது.

குறிப்பு எழுதும்போது பழைய கோப்பை முன்மாதிரியாகப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதை அப்படியே படியெடுத்தால், வேறொருவரின் பெயரும் பழைய தேதியும் வரைவில் தங்கிவிடும். பொருளையும் பார்வையையும் (சுட்டப்படும் முந்தைய கடிதங்கள், ஆணைகள்) எழுதிய பிறகு, முடிவெடுக்க வேண்டிய கேள்வி எது, அதற்குப் பொருந்தும் விதி எது என்று இரண்டு பத்திகளுக்குள் சொல்லிவிட்டு, ஆதாரப் பக்கங்களில் கொடி எனப்படும் அடையாளச் சீட்டு வைத்து அனுப்புங்கள். ஐயம் இருந்தால் கோப்பை மேலே அனுப்புவதற்கு முன்பே மூத்த உதவியாளரிடம் கேளுங்கள். கேட்டதைக் குறித்து வைத்துக்கொண்டால் அதே கேள்வியோடு மறுபடி போக வேண்டியிருக்காது. தவறு நேர்ந்தால், அலுவலர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மறைத்த தவறை எந்தக் கண்காணிப்பாளரும் மறப்பதில்லை.

அலுவலக உதவியாளரையும் காவலரையும் மரியாதையோடு அழையுங்கள். மனுதாரரிடமிருந்து எதையும், ஒரு தேநீரைக்கூட, பெறாதீர்கள்.

தற்செயல் விடுப்பால் தகுதிகாண் பருவம் நீளாது. ஆனால் ஈட்டிய விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் கழியும் நாட்கள் பணிக்கால 2 ஆண்டுகளில் சேராமல் போவதால், தவிர்க்க முடியாதபோது மட்டும் அவற்றை எடுப்பது நல்லது. பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் வீட்டுக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள், அடுத்த அணியில் இடம் கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. துறைத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் நடைபெறுகின்றன. உங்கள் பதவிக்கு எந்தத் தேர்வு கட்டாயம் என்பது துறைக்குத் துறை மாறுவதால், பணியில் சேர்ந்த வாரமே பணியமைப்புப் பிரிவில் கேட்டறிந்து முதல் வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பயிற்சி முடித்ததும் தேர்வில் தேர்ச்சி பெற்றதும் உங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று நேரில் பார்த்து உறுதிசெய்யுங்கள். அந்தப் பதிவுகள் விடுபட்டதால் மட்டுமே, எல்லாத் தகுதியும் இருந்தும் தகுதிகாண் பருவம் முடித்த ஆணைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை என் பிரிவிலேயே பார்த்திருக்கிறேன். பருவம் முடியும் நாளுக்கு மறுநாளே, தேர்ச்சி அறிவிக்கையின் நகலையும் பயிற்சிச் சான்றிதழையும் இணைத்து, ஆணை கோரும் விண்ணப்பத்தை நீங்களே கண்காணிப்பாளரிடம் கொடுங்கள்.