சிங்கப்பூர்ல புதுசா பிரைமரி ஸ்கூல்ல தமிழ் சொல்லித்தரப் போறீங்களா? முதல் அஞ்சு நிமிஷத்த விட்டுடாதீங்க

நம்ம தமிழ் வகுப்புக்கு வெவ்வேற மூணு நாலு கிளாஸ்லேருந்து பிள்ளைங்க பென்சில் பாக்ஸும் கையுமா வருவாங்க, அதுவும் ரீசெஸ் முடிஞ்ச கையோடன்னா வேர்த்து விறுவிறுத்து, ஒருத்தன் இன்னும் கேண்டீன்ல நடந்த சண்டையப் பேசிக்கிட்டே நுழைவான். அந்த நேரத்துல நீங்களும் கத்துனா சத்தம் இன்னும் ஏறும்.

வாசல்லயே நின்னு பேர் சொல்லி வணக்கம் சொல்லுங்க. போர்டுல ஒரு சின்ன வேலை முன்னாடியே இருக்கணும், படத்தப் பாத்து மூணு சொல் எழுதுற மாதிரி. உள்ள வந்ததும் என்ன செய்யணும்னு முதல் ரெண்டு வாரம் ஒரு பாடமாவே சொல்லித்தாங்க, செஞ்சு காட்டுங்க, சரியா வரலைன்னா திட்டாம "வாங்க, இன்னொரு தடவ வெளிய போயிட்டு வருவோம்"னு கூட்டிட்டுப் போங்க. பாடம் பின்தங்கிடுமோன்னு பயப்படாதீங்க, பிரைமரி ஒண்ணு ரெண்டுக்கு பரீட்சையே வேணாம்னு 2019லயே தூக்கிட்டாங்க.

அடுத்தது பாராட்டு. சும்மா "வெரி குட்"னா பிள்ளைக்கு எதுக்குன்னே தெரியாது. பிரைமரி ரெண்டுல ஒரு பையன், எப்பவும் நாற்காலியில முட்டி போட்டுத்தான் இருப்பான், எத்தனையோ தடவ சொல்லியாச்சு. ஒரு நாள் பக்கத்துப் பிள்ளையோட அழிப்பான் உருண்டு போச்சு, இவன் பேசாம குனிஞ்சு எடுத்து அது மேசையில வெச்சான். நான் கிட்ட போய் மெதுவா, "யாரும் கேக்காமலே எடுத்துக் குடுத்தல்ல, பாத்தேன்"னேன். ஒண்ணும் சொல்லாம ஒழுங்கா உக்காந்தான். மறுநாள் "டீச்சர், புக் நான் குடுக்கவா?"ன்னு வந்து நிக்கிறான்.

ஸ்டிக்கர் குடுங்க, தப்பில்ல, ஆனா குடுத்தத எந்தக் கோவத்துலயும் திருப்பி வாங்காதீங்க, அது அவன் சம்பாதிச்சது. திருத்தணும்னா எல்லார் முன்னாடியும் வேணாம். பக்கத்துல போய், "ஓடாத"ன்னு சொல்றதுக்குப் பதிலா "நடந்து வா"ன்னு செய்ய வேண்டியதச் சொல்லிட்டு நகந்துடுங்க, மொறச்சுக்கிட்டே நின்னா பிள்ளை வீம்பு பிடிக்கும். கை மட்டும் வைக்கவே கூடாது.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். நிறைய வீட்டுல இங்கிலீஷ்தான் பேசுறாங்க, நீங்க ஒரே மூச்சுல நாலு வேலை சொன்னா பாதி புரியாது, புரியாத பிள்ளை பக்கத்துல இருக்குறவனச் சீண்டும், நமக்கு அது குறும்பாத் தெரியும். ஒவ்வொண்ணா, கையால காட்டிச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல பதில் சொன்னா திட்டாதீங்க, அதையே தமிழ்ல சொல்லி அவனையும் சொல்ல வைங்க. வகுப்புல பேசுனதுக்குத் திட்டு வாங்குன பிள்ளை அப்புறம் வாயே திறக்காது, தமிழ்ல தப்பாப் பேசுனாலும் மத்தவங்கள சிரிக்க விடாதீங்க.

பெற்றோருக்கு முதல் சேதி புகாரா இருக்க வேணாம். ரெண்டாவது வாரத்துக்குள்ள ஹேண்ட்புக்ல, அதான் பிள்ளை வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் கொண்டு போற குறிப்பேட்டுல, ஒரு வரி எழுதுங்க, "இன்னிக்கு தோழிக்குப் படிக்க உதவி செஞ்சா"ன்னு. ஃபார்ம் டீச்சர்கிட்டயும் (அந்தப் பிள்ளையோட வகுப்புக்குப் பொறுப்பான டீச்சர்) அதயே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.